கடைசியில் நிற்பவர்களுக்குக் கேட்கிறதா?

இது நடந்த கதை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, சூலூர்ப் பக்கம். நம்பாதவர்களைப் பிடித்துவைத்து நம்பச் சொல்ல எனக்கு நேரமில்லை. மைக்செட் நஞ்சுண்டனுக்கு நேர்ந்ததை அப்படியே சொல்கிறேன்.

பங்காரம்மா பஞ்சாயத்து மெம்பர். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். மேடை ஏறினால் மைக்கை இரண்டு தட்டுத் தட்டுவார். "ஏனுங்க, கடைசியில நிக்கறவங்களுக்குக் கேக்குதுங்களா?" பின்னாலிருந்து "கேக்குதுங்க" என்று பதில் வந்தால்தான் பேச்சைத் தொடங்குவார்.

கடைசிக் கூட்டத்தில், மைதானத்தை ஒட்டிய பஞ்சுக் குடோனைப் பற்றி எடுத்தார். "அந்தச் செவுரு சாஞ்சு..." என்றார். குடோன் மேஸ்திரி கண்ணைக் காட்டினார். நஞ்சுண்டன் ஒயரைப் பிடுங்கிவிட்டான். பயந்தாங்கொள்ளி, வேறென்ன சொல்ல! மைக்செட் ரிப்பேர் என்று கூட்டம் கலைந்தது. இறங்கி வந்த பங்காரம்மா அவனைத் திட்டக்கூட இல்லை.

"கடைசியில நின்னவங்களுக்குக் கேக்காமப் போச்சே கண்ணு."

ஒன்பதாம் நாள் மாரடைப்பில் போய்விட்டார். அந்த ஒரு பேச்சு நஞ்சுண்டனைச் சோறு தின்னவிடவில்லை.

இரங்கல் கூட்டமும் அதே மைதானத்தில்தான். மாலை ஐந்து மணிக்கு. பகல் பன்னிரண்டு பத்துக்கு நஞ்சுண்டன் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தான். ஈ, காக்கை இல்லை. பேட்டரி இன்னும் வண்டியில்தான் கிடந்தது.

டொக்... டொக்...

சத்தம் குழாயிலிருந்து வந்தது.

"ஏனுங்க, கடைசியில நிக்கறவங்களுக்குக் கேக்குதுங்களா?"

பதில் வந்தது. ஆளே இல்லாத குடோன் சுவரோரத்திலிருந்து.

"கேக்குதுங்க..."

பத்துப் பதினைந்து பிள்ளைகளின் குரல். அதில் ஒன்று அவன் மகள் கனகத்தின் குரல். கனகம் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால், ஒயரைப் பிடுங்கியதையும் சொல்ல வேண்டுமே.

மாலை ஐந்து இருபது. "ஒரு நிமிசம் மௌனமா நிக்கோணுங்க" என்றார் தலைவர். குழாய் இரையக் கூடாதென்று நஞ்சுண்டன் வழக்கம்போல ஒயரைக் கழற்றினான். நிமிர்ந்து பார்த்தான்.

கடைசியில்... சுவர் நிழலில்... பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

நடுவில் கனகம்.

அவன் மைக் பக்கம் போனதும், முன்னால் நின்ற மேஸ்திரி முறைத்தார். இந்தத் தடவை நஞ்சுண்டன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மைக்கைப் பிடித்துக் கத்தினான்.

"செவுத்தை உட்டு ஓடியாங்க! ஓடியாங்க கண்ணுகளா!"

பிள்ளைகள் ஓடிவந்தார்கள்.

ஐந்து இருபத்திரண்டு.

சுவர் விழுந்தது.

புழுதி அடங்கியதும் கனகத்தை வாரி அணைத்துக்கொண்டு அழுதான். ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை.

"அப்பன் கத்துனது உனக்குக் கேட்டுச்சா அம்மணி?"

"நீங்க எங்க கத்துனீங்கப்பா? பங்காரம்மாதானுங்க மைக்குல கூப்புட்டாங்க."

அப்போதுதான் நஞ்சுண்டன் தன் இடது கையைப் பார்த்தான். கழற்றிய ஒயர் இன்னும் அதிலேயே இருந்தது.