தேவமலரின் மூக்கு

ஆயர் குரோவில் யாகூப் கான் நடத்துகிற பட்டாணியர் சாப்பாட்டுக் கடைக்கு மாட்டுக்கறி புலாவுக்காகவே ஜாசினிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருவார்கள். அதை ஆக்குகிற தேவமலர் மட்டும் ஒரு பருக்கைகூட வாயில் வைத்ததில்லை. ரப்பர் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் பால்குடம் எடுத்து வளர்ந்தவள். வேலைக்குச் சேர்ந்தபோதே புருஷன் சேகரன் கறாராகச் சொல்லிவிட்டான்.

"கையால ஆக்கு, வேணாங்கல. வாயில வெச்சுட்டு மட்டும் சாமி வெளக்கத் தொடாத."

அதனால் எல்லாம் மூக்குதான். எலும்புச் சாறு கொதிக்கையில் மூடியைத் திறந்து ஒரு இழுப்பு இழுப்பாள். உப்பு பத்தவில்லை, பட்டை தூக்கல் என்று சொல்லிவிடுவாள். சாமிக்குப் படைக்கிற பொங்கலை ருசி பார்க்காமல் இறக்கிப் பழகிய கைக்கு இதென்ன பிரமாதம்! சிகரெட் ஊதியே தன் மூக்கை மழுங்கடித்துக்கொண்ட யாகூப், "அக்கா மூக்கு சொன்னா சரிலா" என்று நிம்மதியாக இருந்தார்.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அந்த மூக்கைத் தின்றுவிட்டுப் போனது. இஞ்சி பூண்டு வதங்குகிறது, வாசமே இல்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்தாள். வரவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்து சேகரன் வீட்டில் கிடக்கிறான். மூக்கில்லாத சமையல்காரியை எவன் வைத்துக்கொள்வான்? கைப்பழக்கத்திலேயே ஓட்டினாள்.

ஓடவும் செய்தது, மஸ்ஜித் தானாவிலிருந்து அந்தக் கல்யாணக் கெண்டூரி விருந்துக்கு ஆர்டர் வரும்வரை.

அன்று காலையில் யாகூப் முகம் வெளுத்து நின்றார். "அக்கா, ராத்திரி கரண்ட் போயிருக்கு. ஃப்ரீசர் எவ்ளோ நேரம் நின்னுச்சுன்னு தெரியல. கறிய பாருங்க. கெட்டிருந்தா இப்பவே பாசாருக்கு ஓடி வேற கறி வாங்கியாந்துருவேன்."

குனிந்து இழுத்தாள். காற்றுதான் வந்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தவளுக்குச் சேகரனின் கட்டுப்போட்ட மொட்டைக் கால் கண்முன் வந்தது. "நல்லாத்தான் இருக்கு பாய்" என்றாள். பாவி, சொல்லியே விட்டாள்.

சாறு கொதிக்கக் கொதிக்க மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கல்யாண வீட்டில் எத்தனை குழந்தைகள் சாப்பிடும்! நாக்கு சொல்லாதா, கெட்டதா நல்லதா என்று? சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "முனியாண்டி, மன்னிச்சிரு" என்று ஒரு கரண்டி சாற்றை வாயில் விட்டாள்.

உப்பு தெரிந்தது. மற்றபடி வெந்நீர்.

இத்தனை வருஷம் காத்ததைத் தொலைத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் உடைந்துபோனாள்.

"பாய், வேன்ல ஏத்தாதீங்க! எனக்கு மூக்கு செத்துப்போச்சு. காய்ச்சல்லயே போயிருச்சு. காலைல பொய் சொல்லிட்டேன்."

யாகூப் நம்பாதவரைப் போலப் பார்த்தார். பிறகு வேனில் உட்கார்ந்திருந்த மனைவி ஜரீனாவைக் கூப்பிட்டார். ஜரீனா சட்டியை முகர்ந்தாள், மீதமிருந்த பச்சைக் கறியையும் பிசைந்து பார்த்தாள், வெந்ததில் ஒரு துண்டைத் தின்றாள்.

"ஒன்னுமில்லலா. நல்லாதானே இருக்கு?"

அரிசி போட்டு இறக்கியதும் சட்டி வேனில் ஏறியது. யாகூப் அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "வீட்டுக்குப் போங்கக்கா. நாளையிலேர்ந்து ஜரீனா பாத்துக்குவா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பொழுது சாய்ந்தது. வீட்டில் தேவமலர் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு சமையற்கட்டு வாசலிலேயே நின்றாள்.

"வெளக்கேத்தலயா?" என்றான் சேகரன்.

"நீங்களே ஏத்துங்க."

"என்ன, இன்னைக்குப் புதுசா?"

"வாயில வெச்சுட்டேன்."

ஏன் என்று அவன் கேட்பான், எல்லாவற்றையும் சொல்லி அழலாம் என்று காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போய் விளக்கை ஏற்றினான், கற்பூரம் கொளுத்தினான். தட்டை அவள் பக்கம் நீட்டவில்லை. புகை மட்டும் வாசல்வரை வந்தது. அதற்கும் வாசமில்லை.