முப்பத்திரண்டு படிவங்களின் மேல்விளிம்பு

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். வெளியே இரண்டு பாகைக் குளிர். ஒரு கோப்பைத் தேநீர், ஆறு ஐம்பது டிராம், ஏழு இருபதுக்கு நான் கற்பிக்கும் தாதியர் கல்லூரி. வாசலில் செயலாளர் ஐஷே வழக்கம்போல் போத்தலைச் சரித்து என் இரண்டு உள்ளங்கையிலும் கொலோன்யா ஊற்றினாள். எலுமிச்சை மணக்கும் வாசனைத் திரவம். துருக்கியின் இந்த எஸ்கிஷெஹிர் நகரத்தில் தூரப் பயண பஸ்ஸில் ஏறினாலும் இதை ஊற்றுவார்கள், சாவு வீட்டுக்குப் போனாலும் இதை ஊற்றுவார்கள். மறுத்தால் மனம் நோவார்கள். ஒன்பது வருடங்களாக நானும் கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போகிறேன். அன்று எட்டரைக்கு நடந்த கூட்டத்தில் முதலில் எடுத்த கேள்வி கை கழுவுதல் பற்றியது. மேசையைச் சுற்றி நிபுணர்கள் ஐவர், நான் ஆறாவது. எல்லார் கையும் எலுமிச்சை மணத்தது. ஒருவரும் அதற்கு முன் எழுந்து போய்க் கை கழுவவில்லை.

நிபுணர்கள் கூடியது ஒரு வினாப்பட்டியலுக்காக. தொழில்சார் தகைமை வினாப்பட்டியல் என்று பெயர். வட ஐரோப்பாவில் எங்கோ, தாதிக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்கிற ஒரு நாட்டில் எழுதியது. அதைத் துருக்கி மொழி பேசும் தாதி மாணவர்களுக்கு ஏற்றதாக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் மாணவர் ஒன்றிலிருந்து நான்குக்குள் வட்டமிட வேண்டும். ஒன்று என்றால் முடியாது, நான்கு என்றால் தனியாகவே முடியும். முதலில் ஒருவர் துருக்கி மொழிக்கு மாற்றுவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார். இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்தால் பொருள் எங்கே சிதைந்தது என்று தெரியும். அந்த இன்னொருவர் நான். வேலை தொடங்கிய அன்றே, இதை நடத்துகிற பேராசிரியர் நூர்ஹானின் உதவியாளன், நான் சிரமப்படக் கூடாதென்று, மூலத்தையும் எனக்கு அனுப்பிவைத்தான். நான் திறக்காமலே அழித்தேன். அதைச் சொன்னபோது, தன்மேல் எனக்குக் கோபம் என்று நினைத்து இரண்டு நாட்கள் மன்னிப்புக் கேட்டான். முறை கெட்டுவிடும் என்று நான் விளக்கியதை அவன் என் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டான்.

கூட்டத்தில் ஒரு வரிக்கு மட்டும் ஒரு மணி பத்து நிமிடம் போனது. மருத்துவரின் கட்டளை தவறென்று தெரிந்தால் மறுப்பேன் என்பது அந்த வரி. நோயாளியைக் கடைசியாகத் தொட்டது எப்போது என்று கேட்டால் ஐவரில் மூவர் யோசிக்க வேண்டியிருக்கும். மறுப்பது நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது, நினைவூட்டுவேன் என்று போடலாம் என்றார் ஒருவர். பணிவுடன் என்ற சொல்லைச் சேர்த்தார் அடுத்தவர். கடைசியில் அது "பணிவுடன் நினைவூட்ட முயல்வேன்" என்று ஆனது. இதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால், எழுதியவருக்கே தன் பிள்ளையை அடையாளம் தெரியாது.

முந்தின வெள்ளிக்கிழமை நான்காம் வருட மாணவர்கள் முப்பத்திரண்டு பேரிடம் படிவத்தைக் கொடுத்துப் பரீட்சித்திருந்தோம். படிவத்தின் முதல் வரி, பெயர் எழுத வேண்டாம், இதனால் உங்கள் பயிற்சி பாதிக்கப்படாது என்கிறது. அதற்கு மேலே இருந்த வெற்றிடத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று, ஆளாளுக்கு மாணவர் இலக்கத்தை எழுதச் சொன்னார் நூர்ஹான். பிறகு நாற்காலிகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். முப்பத்தொரு படிவங்களில் மூன்றும் நான்கும்தான். ஒன்றில் மட்டும், நரம்பில் ஏற்றும் சேலைனின் வேகத்தைத் தனியாகக் கணித்து வைப்பேன் என்ற வரியில், ஒன்றின்மேல் வட்டம். இரண்டு முறை அழுத்திச் சுற்றியிருந்தது.

படிவங்கள் என் மேசை லாச்சியில் இருந்தன. நான் தயாரித்த அட்டவணையில் நூர்ஹான் பார்த்தது அந்த ஒன்றை மட்டும். கூட்டம் முடிந்து மற்றவர்கள் போனதும் என்னைப் பிடித்துக்கொண்டார். துருக்கி மொழி என் காதில் இலங்கையில் எங்கள் தோட்டத்துப் பேச்சாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன்.

"யாருன்னு பாருங்க ஹோஜாம். தெரியாத ஆள எப்படி வார்டுல விடுறது? முதல் வருசத்துப் பிள்ளைங்களோட லேப்ல போய் உக்காரட்டும். நாளைக்கு ஒன்பது மணிக்குப் பேரு வேணும்."

ஹோஜாம் என்றால் என் ஆசிரியரே. இங்கே எல்லாரும் எல்லாருக்கும் ஹோஜாம்தான். வரவுப் பதிவை வைத்திருப்பது நான். இலக்கத்தைப் பார்த்த உடனேயே எலிஃப் என்று எனக்குத் தெரியும். அவளை இப்போது வார்டிலிருந்து எடுத்தால் ஜூனில் பட்டம் இல்லை. பொய் எழுதிய முப்பத்தொரு பேருக்கும் பட்டம் உண்டு. இருந்தவர்களில் ஒருத்தி உண்மை எழுதியிருக்கிறாள், அவளைத்தான் நிறுத்தப் போகிறார்கள். நான் நம் ஊர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். பார்க்கலாம் என்று அர்த்தம். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மூன்றரைக்குத் தெஹியோவிட்டவுக்கு மேலே எங்கள் இறப்பர் தோட்டத்திலிருந்து தங்கச்சி செல்வி அழைத்தாள். அவள் அங்கே பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். போன கிழமை கொழும்பிலிருந்து யாரோ கேள்விப் படிவத்தோடு வந்துபோனார்களாம்.

"சோறு ஊட்ட முன்ன சோப்புப் போட்டுக் கை கழுவுறீங்களான்னு கேட்டாங்க அக்கா. கழுவுறோம்னு சொன்னோம்."

"சோப்பு இருக்கா?"

"மூணு மாசமா இல்ல. இல்லன்னு எழுதினா, எவ சொன்னதுன்னு தொரை கேப்பாரு. நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நீங்க பெரிய மிஸ்ஸி. அங்க உக்காந்துகிட்டு சோப்பு இருக்கான்னு கேப்பீங்க." தாதியைத் தோட்டத்தில் மிஸ்ஸி என்பார்கள்.

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று ஊரில் சொல்லிக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு இடத்திலும் படிவம் ஒன்றுதான். இங்கே அது நல்ல தாளில் வருகிறது.

செல்வியைக் கேலி செய்ய எனக்குத் தகுதி இல்லை. தாதிப் பயிற்சியின் மூன்றாம் வருடத்தில் எனக்கும் ஒரு தகைமைப் புத்தகம் இருந்தது, முழுவதும் சிங்களத்தில். வார்டு சிஸ்டர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் "புளுவன்த?" என்று கேட்பார். முடியுமா என்று அர்த்தம். வரிசையில் நின்ற நாங்கள் "புளுவன், மிஸ்" என்போம். அவர் சரி போடுவார். நான்கு நிமிடத்தில் ஒரு பக்கம் முடிந்துவிடும். வரிசையில் தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான். முடியாது என்று சொல்லி, தோட்டத்துப் பிள்ளைக்கு இது வராது என்று பேர் வாங்க நான் தயாராக இல்லை. சேலைனுக்கும் புளுவன் என்றேன். அடுத்த கிழமை, புத்தகத்தில் சரி இருக்கிறதே என்று, ஒரு கிழவருக்குச் சேலைன் வைக்க என்னைத் தனியாக விட்டார்கள். இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், எங்கள் வரிசைவீட்டு லயத்துக்குக் கீழ் லயம், நான் மாமா என்று கூப்பிடுகிற ஆள். எட்டு மணி நேரத்தில் இறங்க வேண்டியது நான் வைத்த வேகத்தில் இரண்டு மணி நேரத்தில் இறங்கியது. அவர் மூச்சு, நீர் கொதிப்பதுபோல் சத்தம் போட்டது. "மூச்சு முட்டுது புள்ள" என்றார். நான் ஓடிப்போய் சிஸ்டரைக் கூட்டி வந்தேன். பிழைத்துக்கொண்டார். சேலைன் குழாயின் திருகு தானாக இளகிவிட்டது என்று சொன்னேன். மாமாவும் அதை நம்பி, என்னைக் காப்பாற்றினது எங்க புள்ளதான் என்று தோட்டமெல்லாம் சொல்லித் திரிந்தார். அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியிருப்பது: மழை, இரவுச் சாப்பாடு பருப்பு.

எலிஃப் வட்டமிட்ட ஒன்றை, முடியாது என்பதை, நான் அன்று சொல்லியிருக்க வேண்டும்.

மாலை ஐந்தரைக்குத் தீர்மானித்தேன். திங்கட்கிழமை முதல் முப்பத்திரண்டு பேரும் இரண்டிரண்டு பேராக என் முன்னால் சேலைன் வேகம் கணித்து வைத்துக் காட்ட வேண்டும். நான்கு போட்டவர்கள் தாங்களாகவே முதலில் வரட்டும். அதுவரை ஒருவரும் தனியாக வைக்க முடியாது. நூர்ஹான் பெயர் கேட்டால் படிவத்தின் முதல் வரியை வாசித்துக் காட்டுவேன். அந்த வரியின் மொழிபெயர்ப்புக்கு ஒப்புதல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். பணிவுடன் நினைவூட்டுவதாகவே இருக்கட்டும்.

நவம்பர் 13, புதன்கிழமை. ஐஷே வருவதற்கு முன், ஏழு மணிக்கே போனேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். லாச்சியைத் திறந்து, பயிற்சிக் காலத்தில் தந்த கட்டுத்துணிக் கத்தரிக்கோலை எடுத்தேன். அதன் பிடியில் என் பெயர் சிங்களத்தில் பொறித்திருக்கிறது. படிவங்களைத் தட்டி ஒழுங்காக்கி, இலக்கம் எழுதிய மேல்விளிம்பை ஒவ்வொன்றாக வெட்டினேன். பிறகு அந்தக் கீற்றுகளைத் துருக்கிக்காரர்கள் எனக்குத் தந்த மேசையில் வரிசையாக வைத்து, ஒன்றும் தவறவில்லை என்று உறுதிப்படுத்த, வாய்விட்டுத் தமிழில் முப்பத்திரண்டு வரை எண்ணினேன்.