புது ரத்தம் வந்த வழி

என் கணவர் அரசு பேருந்தில் நடத்துநராக இருந்தவர். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே அவருக்குத் தூய்மைப் பைத்தியம் பிடித்தது. குளியலறைத் தூய்மை, கிணற்றுத் தூய்மை என்று நினைத்துவிட வேண்டாம். அதிலெல்லாம் இன்றுவரை அவருக்கு நாட்டமில்லை. அவர் பிடித்துக்கொண்டது பசு இனத்தின் தூய்மை.

பாறசாலைக்கு உட்பக்கம் எங்கள் வீட்டுத் தொழுவத்தில் அப்போது ஒரு கலப்பின ஜெர்சிப் பசு நின்றது. இரண்டு வேளையும் வாளி நிறையக் கறக்கும். சொசைட்டியில் பால் ஊற்றி வரும் காசில்தான் வீட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அதை விற்றுவிட்டு, பெருங்கடவிளையிலிருந்து ஒரு மினி லாரியில் இரண்டு குள்ளப் பசுக்களையும் ஒரு குள்ளக் காளையையும் இறக்கினார். வெச்சூர் இனம். என் இடுப்புக்குக்கூட வராது. ஆட்டுக் கூட்டம் வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டு நாய் அலட்சியமாகக் குரைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"இதுக்க பாலு மருந்தாக்கும். நீ வச்சிருந்தியே, அது வெளிநாட்டுக்காரி" என்றார்.

மருந்து என்பது அளவைப் பொறுத்தவரை உண்மை. மருந்து போலத்தான் கறந்தது.

காரக்கோணத்தில் ஒரு ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் இருக்கிறார். என் கணவரை இந்த வழியில் இழுத்துவிட்டவர் அவர்தான். அவரிடமும் அதே இனத்தில் சில பசுக்கள் உண்டு. அவர் தலைமையில் சுற்றுவட்டாரத்துப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தினார்கள். காலையில் எழுந்ததும் ஒருவருக்கொருவர் பசுவின் படம் அனுப்பி வணக்கம் சொல்வார்கள். ஒருவரும் சாணி அள்ளியதாக எனக்குத் தெரியாது. எல்லார் வீட்டிலும் அந்த வேலைக்கு ஒரு மனைவி இருந்தாள்.

எங்கள் தொழுவத்தில் முதலில் பிறந்தது ஒரு காளைக்கன்று. கஞ்சித்தண்ணி காட்டி நான் வளர்த்தது. அந்தக் குரைத்த நாய்தான் ஒருநாள் அதன் இடது காதைக் கடித்து நுனியைக் கிழித்தது. பலாச்சக்கை அறுக்கும் நாட்களில் மடலுக்காகக் கன்று அடுக்களைப் படியில் வந்து நிற்கும். கொடுக்காவிட்டால் கதவை முட்டும். பூவாரில் ஒரு ரிசார்ட்காரர் வெளிநாட்டுப் பயணிகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று அதைக் கேட்டார். இவர் உடனே கொடுத்தனுப்பினார். வெளிநாட்டுக்காரிகளோடு நிற்பதால் அதன் தூய்மை கெடாதா என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு பிறந்தவை எல்லாம் கிடாரிகள். அவை பருவத்துக்கு வந்ததும் அதே பழைய காளையைத்தான் சேர்த்தார். மகளுக்கும் அதுவே, மகளின் மகளுக்கும் அதுவே. கன்றுகள் பிறக்கப் பிறக்கச் சிறிதாகிக்கொண்டே வந்தன. குழுவில் அதற்கு ஒரே ஆரவாரம். மேலாளர் நாடாவோடு வந்து உயரம் அளந்து, "சிறிசாவ சிறிசாவத்தான் ஒறிஜினல், கேட்டீரா" என்று இவர் தோளில் தட்டுவார்.

கடைசியாகப் பிறந்தது மிகச் சிறிய கிடாரி. இவர் அதைக் கையில் ஏந்திப் படம் எடுத்துப் போட்டார். வாழ்த்துகள் வந்து குவிந்தன. அதற்கு எழுந்து நிற்க முடியவில்லை என்பதையோ, கீழ்த்தாடை குட்டையாக இருந்ததால் காம்பைப் பிடிக்கத் தெரியாமல் பால் வழிந்து போனதையோ யாரும் படத்தில் பார்க்கவில்லை. குழந்தைப் பாட்டில் வாங்கி, மடியில் தலையை வைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பார்த்தேன். என் விரலைச் சப்பப் பார்க்கும். முடியாமல் கண்ணை மூடிக்கொள்ளும். செத்தபோது தாய்ப்பசு என் சேலையை மோந்துகொண்டே நின்றது. செத்த செய்தியை இவர் குழுவில் போடவில்லை. வாழ்த்துகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன.

நான் கால்நடை மருத்துவரை வரவழைத்தேன். ஒரு இளம்பெண். தொழுவத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு இவரிடம் கேட்டார்:

"அண்ணா, செத்த கன்னுக்க அப்பன் இந்தக் காளையா?"

"ஓ, இதுதான்."

"தள்ளைக்க அப்பன்?" என்று தாய்ப்பசுவைக் காட்டினார்.

இவர் காளையைப் பார்த்தார். காளை வைக்கோலைப் பார்த்தது.

"அதும் இதுதான்" என்றேன் நான்.

"பின்ன எப்படி அண்ணா நல்ல கன்னு கிட்டும்? ஒரே ரத்தம் சுத்திச் சுத்தி வருது. இனத்த மாத்தண்டாம். அதே இனத்தில வேற வழிக் காளைக்க சினை ஊசி இருக்கு. போடலாம்."

"ஊசி வேண்டாம். காளையக் கண்ணால காணணும்" என்றார் இவர். நடத்துநராக இருந்த காலத்தில் பயணச்சீட்டைக் கண்ணால் பார்க்காமல் யாரையும் நம்பாதவர்.

பழைய காளை விற்கப்பட்டது. புதுக் காளை தேடும் பொறுப்பை மேலாளர் ஏற்றார். சில வாரம் கழித்து வெற்றியோடு கூப்பிட்டார். வைக்கம் பக்கத்தில் ஒரு பழைய தறவாட்டுக் குடும்பத்துக் காளையாம், புத்தம் புது ரத்தமாம், தரகர் சத்தியம் செய்கிறாராம். வண்டி வந்த அன்று குழுவினர் எல்லாரும் எங்கள் முற்றத்தில் கூடினார்கள். மாலை வாங்கி வந்திருந்தார்கள். நான் எல்லாருக்கும் சாயா போட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியே ஒரே கூச்சல். "பிடி, பிடி!" என்று யாரோ கத்தினார்கள். மாலையோடு கயிற்றை உருவிக்கொண்டு காளை வீட்டைச் சுற்றி ஓடி வந்து, அடுக்களைப் படியில் நின்று, கதவை ஒரு முட்டு முட்டியது. திறந்தேன். இடது காதின் நுனி கிழிந்திருந்தது. மூக்கை நீட்டி என் கையை நக்கியது.

பின்னாலேயே மேலாளர் மூச்சு வாங்க வந்தார்.

"சாரே, இது இஞ்ச பிறந்த கன்னாக்கும். நான் வளத்தது" என்றேன்.

"எல்லாக் காளையும் அடுக்களைக்குத்தான் போவும், தங்கச்சி."

என் கணவர் கிட்ட வந்து அந்தக் காதைத் தடவிப் பார்த்தார். அதில் மஞ்சள் வைத்துக் கட்டியவர் அவர்தான். பூவாரிலிருந்து கை மாறிக் கை மாறி, தரகன் வாயால் வைக்கம்வரை போய், தான் பிறந்த தொழுவத்துக்கே விலை ஏறித் திரும்பியிருக்கிறது. இவர் முகத்தைப் பார்த்து மேலாளருக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் மனுஷன் அசரவில்லை.

"ரத்தம் ஒரு துளி வெளிய போவல்ல, பாத்தீரா? இதவிட சுத்தம் எங்க கிட்டும்?"

கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். இவரும் தட்டக் கையைத் தூக்கியதை நான் பார்த்தேன்.

"இனி இப்படி ஒரு கன்னு பிறந்தா பாட்டிலு நீங்கதான் பிடிக்கணும்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "மடியில சாவும்போ நீங்கதான் இருந்து பாக்கணும்."

தூக்கிய கை இறங்கியது. அடுத்த முறை பசு பருவத்துக்கு வந்தபோது மருத்துவரை நான் கூப்பிட்டேன். அவர் ஊசி போடும்வரை இவர் வாலைப் பிடித்துக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி நின்றார்.

பிறந்த கிடாரி விழுந்து எழுந்து, தானே மடியைத் தேடிப் போனது. பார்க்க வந்த மேலாளர் உயரம் அளந்த நாடாவைச் சுருட்டியபடி, "பொக்கம் கூடுதலாக்கும். கலப்பு போல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே இவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். கன்று செத்தபோதுகூட ஒழுங்காகச் சாப்பிட்ட மனிதர், அன்று சோற்றைத் தொடவில்லை.

பிறகு பேச ஆரம்பித்தார். ஒரே ரத்தத்தில் சேர்ப்பதன் கேட்டைத் தானே கண்டுபிடித்தது போல, பால் சொசைட்டி வாசலிலும் முடிவெட்டும் கடையிலும் பிரசங்கம். போன மாதம் நெய்யாற்றின்கரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை, பெண்ணுக்கு அத்தை மகன். பந்தியில் பக்கத்தில் வந்து உபசரித்த பெண்ணின் தகப்பனாரிடம், இலையில் பருப்பு விழுவதற்குள் இவர் தொடங்கிவிட்டார்.

"மச்சான், ஒரே ரத்தத்தில பெண்ணு எடுக்கியது ஆபத்தாக்கும். எனக்க தொழுவத்தில கண்டது."

அவர் பருப்புக் கரண்டியை வாளியில் வைத்தார்.

"நீரு யாரக் கெட்டினீரு?"

பந்தி முழுவதும் என்னைப் பார்த்தது. நான் இவருடைய தாய்மாமன் மகள்.

"அதுகொண்டுதான் சொல்லுதேன்" என்றார் என் கணவர்.

எங்கள் வரிசைக்குப் பாயசம் வரவில்லை.