இடக்கை உறைகள்

மெல்லிய நீல உறை போட்ட கைகள் இன்னோர் உறையின் வாயை முறுக்கிப் பிடித்து, உள்ளே அடைபட்ட காற்றை விரல்களை நோக்கித் தள்ளுகின்றன. பெருவிரல் புடைக்கிறது. பிறகு சுண்டுவிரல். வாளித் தண்ணீரில் முக்கி ஒவ்வொரு விரலாக அமுக்கும்போது ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து ஊசிமுனை அளவில் ஒரு குமிழி. அந்த உறை குப்பைச் சாக்குக்குப் போகிறது.

கைகள் தேவகனியுடையவை. கீரிப்பாறை பஸ் போகும் வழியில், ஒரு தனியார் தோட்டத்தின் சாமான் அறையில் கையுறைகளைக் கழுவி, உலர்த்தி, பார்த்துக் கொடுப்பது அவர் வேலை. வயது ஐம்பத்திரண்டு.

காலையில் யாராவது வெறுமனே உறை கேட்டால் கொடுக்க மாட்டார். "என்ன வேலைண்ணு சொல்லு, பிறவு தாறேன்." ரோஜாவும் காகிதப்பூவும் வெட்டப் போனால் முழங்கை வரை ஏறும் தோல் உறை. அன்னாசி வரிசைக்குள் நுழையக் கித்தான். நாற்றுப் பிடுங்க மெல்லிய துணி போதும். விரலுக்கு வேர் தெரிய வேண்டும். அந்தத் துணி உறையோடு ஒருத்தி களைக்கொல்லிப் பீப்பாய்ப் பக்கம் போனபோது முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்தே கத்தினார்: "ஏட்டி, துணி மருந்தக் குடிச்சு ஒனக்க கையில ஒட்டிக்கிட்டு இரிக்கும். அதுக்கு வெறுங்கையே கொள்ளாம், ஒடனே கழுவவாவது செய்யலாம்."

மருந்தடிக்க ரப்பர் உறைதான். அதில் முதலில் கிழிவது வலக்கை. அதனால் சுவரோரம் இடக்கை உறைகள் மட்டும் குவிந்து கிடக்கின்றன. முன்பு தேவகனி அவற்றை வீணாக்கியதில்லை. இடக்கை உறையை உள்புறம் வெளியே வரத் திருப்பினால் வலக்கைக்குச் சேரும். அவரே கண்டுபிடித்த வித்தை, எல்லோரும் மெச்சினார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் அப்படித் திருப்பிய உறை ஒன்றைத் தன் கணவர் டைட்டஸுக்குக் கொடுத்தார். மருந்து ஊறிய வெளிப்புறம் உள்ளே போய்விட்டது. முந்தின நாள் ரோஜா முள் கீறிய கை. மத்தியானம் டைட்டஸ் வந்து, "கை காந்துதுட்டி" என்றார்.

"வேர்வையா இரிக்கும். ஒங்களுக்கு எப்பவும் ஒரு பராதி, ஒரு கொறை."

பதினெட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். சோப்புப் போட்டுக் கழுவித்தான் கொடுத்தேன் என்று அடக்கம் முடியும்வரை வந்தவர் போனவரிடமெல்லாம் தேவகனி சொன்னார். பிறகு சொல்வதில்லை.

இன்று மருந்தடிக்க இரண்டு பேர்: ரீத்தா, முதல் தடவையாக ஜின்சி. குமிழி வராமல் தேறியது ஒரே ஜோடி.

மேற்பார்வையாளர் ஷைஜு வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறார். "மழைக்கு முன்ன அடிச்சு முடிக்கணும் அக்கா. இடது கெடக்குல்லா, ஒண்ண உள்ளும் புறமுமா மறிச்சுக் குடுங்க. நீங்க படிப்பிச்ச வித்தைதானே?"

"நான் படிப்பிச்சதுதான்."

"பிறவென்ன?"

"அப்ப நீங்க போட்டிருக்க நீலத்தத் தாங்க மாமி," என்று சிரிக்கிறாள் ஜின்சி.

"இது கழுவத்தான் ஆகும். அடிக்கப் போனா அரை மணிக்கூறு தாங்காது. கையக் காட்டு பிள்ளே."

ஜின்சி நீட்டுகிறாள். நேற்று அன்னாசி ஓலை கிழித்த மூன்று கோடுகள், இன்னும் சிவப்பாக.

தேவகனி அந்தக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். தேறிய ஜோடியை ரீத்தாவிடம் கொடுக்கிறார். பிறகு கத்தரியை எடுத்துக்கொண்டு சுவரோரக் குவியலின் முன் உட்கார்ந்து, ஓர் இடக்கை உறையின் ஐந்து விரல்களையும் வெட்டுகிறார். அடுத்ததை எடுக்கிறார்.

"அக்கா, ஒங்களுக்கு வட்டு புடிச்சிருக்கா? முதலாளி கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

கத்தரி நிற்கவில்லை. பதினான்கு உறைகள். கடைசிச் சுண்டுவிரலும் விழுந்ததும் விரல்களையும் உள்ளங்கைகளையும் ஒரே கூடையில் அள்ளுகிறார்.

"இப்பம் மறிச்சுக்கிடுங்க" என்று கூடையை ஷைஜுவின் கையில் கொடுக்கிறார்.