தண்ணீருக்குள் ஏது எடை

"காலப் புடிச்சி விடுததுக்கு ஒரு காலேஜ் படிப்பா?"

நான் பிசியோதெரபி முடித்து, தூத்துக்குடியில் ஓர் எலும்பு மருத்துவமனையில் சேர்ந்த வாரம், வள்ளத்துக்காரர் ஒருவர் என் அப்பாவிடம் கேட்டது இது. அவருடைய வள்ளத்தில்தான் அப்பா சங்கு குளிக்கப் போகிறார். அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். "நீரு கால ஒடிச்சிட்டு வாரும் அண்ணாச்சி, அப்பத் தெரியும்" என்றார் அப்பா.

ஒடிந்தது அப்பாவின் கால்.

வள்ளத்தில், முங்குகிறவர்களுக்குக் குழாய் வழியே காற்று அனுப்பும் ஏர் கம்ப்ரஸரை நகர்த்தும்போது அது வலது பாதத்தில் விழுந்துவிட்டது. எக்ஸ்ரேயில் இரண்டு மெட்டாடார்சல்கள், அதாவது விரல்களுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்புகள், விரிசல் விட்டிருந்தன. இடம் விலகவில்லை. இதற்கு ஆபரேஷன் வேண்டாம். முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு போடலாம், அல்லது கழற்றி மாட்டும் வாக்கர் பூட் கொடுக்கலாம். பூட் போட்டால் கணுக்காலை அவ்வப்போது அசைத்து விறைப்பைத் தவிர்க்கலாம். ஆனால் நோயாளியை நம்பித்தான் கொடுக்க வேண்டும்.

டாக்டர் மாவுக்கட்டு என்றார். நான் குறுக்கே பேசினேன்.

"பூட் போதும் சார். எங்கப்பாதான, நான் பாத்துக்கிடுதேன்."

நர்சுகள் பார்த்துக்கொண்டிருக்க, அப்பாவுக்குக் கறாராகச் சொன்னேன்: "டாக்டர் சொல்லுத வரைக்கும் இந்தப் பாதத்துல உடம்பு எடை ஏறக்கூடாது." வீட்டில் அப்பா நடைச்சட்டத்தைப் பிடித்து, அந்தக் காலைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தார். என்னைப் போல் யார் இவ்வளவு தெளிவாகச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புகளும் விலகிக் கிடந்தன. அன்று ஓ.பி.யில் நல்ல கூட்டம்.

"கால ஊனி நடந்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு எட்டு வைக்கல டாக்டர். கடலுக்குத்தான் போனேன்."

"கடலுக்கா!"

"எடை ஏறக்கூடாதுன்னு மவ சொன்னா. தண்ணிக்குள்ள ஏது எடை? பூட்டக் கழத்தி வச்சிட்டு, கால்ல ரப்பர் துடுப்ப மாட்டிக்கிட்டு எறங்குனேன். என்னய வள்ளத்துல ஏத்துனது, எறக்குனது எல்லாம் ரெண்டு பேரு தூக்கித்தான்."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நர்சுகளும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "ரப்பர் துடுப்பு மாட்டி உதைக்கும்போது பாதம் எப்படி வளையும்? விரிஞ்ச எலும்பு தாங்குமா?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "பாத்துக்கிறேன்னு சொன்னீங்களே, மேடம்."

அதுவரை அவர் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

முதலில் அப்பாவால்தான் வெட்கம். இப்படி எல்லார் முன்னாலும் பேசிவிட்டாரே என்று. எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் மெதுவாகக் கேட்டார்: "ஒம்பேரக் கெடுத்துட்டேனா மக்ளே?" அதற்குப் பிறகு வந்த வெட்கம் வேறு. அது இன்னும் போகவில்லை. தரையில் நடக்கிறவர்களுக்குச் சொல்வதையே, கடலில் பிழைக்கிறவருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதுவும் அந்தச் சங்குக் காசில் படித்தவள்.

இப்போது ஆபரேஷன் இல்லாமல் முடியாது. எலும்புகளை நேராக்கி, மெல்லிய கம்பிகளைச் செருகி நிறுத்தினார்கள். கம்பிகளை எடுத்த பிறகு என் வேலை தொடங்கியது. தரையில் விரித்த துண்டை விரல்களால் சுருட்டி இழுப்பது, கணுக்காலைச் சுழற்றுவது, பாதி எடை, முழு எடை, அப்புறம் குதிகாலைத் தூக்கி நிற்பது. அப்பா ஒன்றையும் விடவில்லை. எதையும் எதிர்த்துப் பேசவும் இல்லை. அவர் பேசியிருந்தால் எனக்குத் தேவலை.

எலும்பு கூடிவிட்டது. "திரும்பச் சங்கு குளிக்கலாமா?" என்று அப்பா கேட்டார். அவருக்கு வேறு தொழில் தெரியாது. டாக்டரிடம் கேட்டேன். "நடக்கலாம், படி ஏறலாம். அந்த உதை எவ்வளவு பலமா இருக்கும்னு எனக்குத் தெரியாதே" என்றார். என் பாடப்புத்தகங்களில் ஓட்டக்காரர்களின் பாதம் இருந்தது. சங்கு குளிப்பவரின் பாதம் இல்லை.

இந்தத் தொழிலில் எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன், இந்தக் கால் என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். கேட்டும் புரியவில்லை என்றால் போய்ப் பாருங்கள்.

சனிக்கிழமை லீவு போட்டேன். அப்பாவைக் கரையில் இருக்கச் சொல்லிவிட்டு வள்ளத்தில் ஏறினேன். "ஏளா, வாந்தி எடுப்ப" என்றார் அப்பாவின் கூட்டாளி. கரை மறைவதற்குள் எடுத்துவிட்டேன். பிறகு வள்ளத்தின் விளிம்பில் குப்புறப் படுத்து, நீர்க்கண்ணாடி மாட்டிய முகத்தைக் கடலுக்குள் விட்டு, முதலில் இறங்கியவரின் பாதத்தைப் பார்த்தேன்.