மூணு காணிக்காரர் மகள்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குத்தான் நிலக் கணக்கு எடுக்கவும் வந்து தொலைந்தார்கள். சத்தியவேடு பக்கத்து எங்கள் ஊர்களை ஆந்திராவில் சேர்த்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நிலமில்லாதவர்களுக்கு ஏரி மேட்டுப் புறம்போக்கில் ஆளுக்கு இரண்டு ஏக்கர் பட்டா தரப்போவதாகப் பேச்சு. நைனா மாசக்கணக்கில் அந்த ஆபீசருக்காகத்தான் காத்துக்கிடந்தார்.

"பூமி எந்த?" நிலம் எவ்வளவு என்று ஆபீசர் தெலுங்கில் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் பாயில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்கள். நிலமில்லை என்று தெரிந்தால் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். நைனா அவர்களை ஒருதரம் பார்த்தார்.

"மூணு காணி சாமி. எல்லாம் நம்மளுதுதான்."

அந்த மூன்று காணியும் பெரிய வீட்டுக்காரருடையது. நாங்கள் வாரத்துக்கு உழுதோம். விளைந்ததில் பாதி அவர் வீட்டுக்குப் போகும். ஆபீசரோடு வந்த, ஊர் நிலக் கணக்கு எழுதும் கர்ணத்துக்கு இது நன்றாகவே தெரியும். அந்த மனிதன் வாயே திறக்கவில்லை. நானும்தான் திறக்கவில்லை. காபி டம்ளரோடு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நைனா சமாளித்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். பதினேழு வயதுக் கழுதை.

பெரிய வீட்டுக்காரரோ அதே கேள்விக்கு, "இன்னாத்த இருக்குது, ஏதோ கஞ்சி குடிச்சிகினு கீறோம்" என்றாராம். நிறைகுடம் தளும்பாது என்பார்கள். தளும்பாமல் இருந்தே நிறைந்த குடம் அது. மறுவாரம் நைனா கர்ணத்தின் காலில் விழுந்தார். "நீ சொன்னதத்தானே எழுதினாங்க" என்று பதில் வந்தது. எங்களுக்கு வரவேண்டிய பட்டா பெரிய வீட்டு மச்சானுக்குப் போயிற்று, ஏழை என்ற பேரில்.

கல்யாணம் நடந்தது, பக்கத்து ஊர்தான். போன மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது: மாப்பிள்ளை வீட்டார் சொந்தம் என்று சொன்ன இரண்டு காணியும் வாரந்தான். யார் யாரைத் திட்டுவது?

மச்சான் பேரில் வந்த புறம்போக்கில் பெரிய வீட்டார் மா வைத்தார்கள். மாங்காய்ப் பணத்தில் பம்பு செட் வந்தது, அப்புறம் அரிசி மில் வந்தது. இப்போது அவர்கள் பேரன் திருப்பதியில் லாட்ஜ் நடத்துகிறான்; என் மகன் அதில் வாட்ச்மேன். உழைத்தால் யாரும் முன்னுக்கு வரலாம் என்று அந்தப் பேரன் இவனுக்குப் புத்தி சொல்கிறானாம்.

நைனா சாகும்வரை ஏரி மேட்டுப் பக்கம் போகவே இல்லை. நான் போனேன். வருஷா வருஷம், மாங்காய் பறிக்க, கூலிக்கு.