கிணற்று டாக்டர்

முழங்கை நீள ஸ்பானரின் ஒரு முனையைக் குழாயில் ஊன்றி, மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் டாக்டர். பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது. எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவருக்கு அந்தப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தது இந்தக் காதுதான். முப்பது எண்ணெய்க் கிணறுகளுக்கும் காலையிலும் மாலையிலும் நாடி பார்த்தால்தான் மனிதருக்குச் சோறு இறங்கும்.

அடியில் கிடப்பது தார் மாதிரி கெட்டியான எண்ணெய். நீராவியை உள்ளே செலுத்தி, இளக்கித்தான் மேலே கொண்டுவர வேண்டும். இருபது வருடமாக அந்த நீராவி ஓடும் சத்தம் அவருக்கு அத்துப்படி. சென்ற மாதம் நீராவியைக் குறைத்து, அதோடு எரிவாயுவையும் கலந்து அனுப்பத் தொடங்கினார்கள். எண்ணெய் வரத்து குறையவில்லை. என்ஜினியருக்கு வாயெல்லாம் பல். டாக்டர் மட்டும் ஸ்பானரோடு அவரிடம் போய் நின்றார்.

"நீராவி ஆறினா தண்ணியாப் போயிடும் சார். இது ஆறினாலும் வாயுதான். மேல ஏறி எங்கயாச்சும் வழி தேடுமே?"

மேலே பாறை மூடியிருக்கிறது, எங்கும் போகாது என்று அழுத்தமானியைக் காட்டினார் என்ஜினியர். மானி முள் சாதுவாகத்தான் இருந்தது.

அன்று முதல் ஸ்பானர் வீட்டுக்கும் வர ஆரம்பித்தது. கம்பெனி கொடுத்த அந்த வீட்டின் சமையலறை ஒரு பழைய கிணற்றின்மேல் நிற்கிறது. எண்ணெய் வற்றியபோது அதைச் சிமெண்ட் போட்டு மூடியவரே இவர்தான். சாப்பாட்டுக்கு நடுவே எழுந்துபோய்த் தரையில் ஸ்பானரை வைத்துக் கேட்பார். "தரைக்கு என்னங்க, காய்ச்சலா?" என்று மனைவி கிண்டல் செய்வாள். ஒருநாள் மட்டும் பதில் சொன்னார்.

"அன்னிக்கு எண்ணெய்க்குத்தான் அடைச்சேன். வாயுவுக்கு அடைக்கல."

அதற்குப் பிறகு அவள் கிண்டல் செய்யவில்லை. குழந்தையின் தொட்டிலை முன்னறைக்கு மாற்றிவிட்டாள். பயம் அவளுக்கும் தொற்றிவிட்டது, பாவம்.

இன்று காலை அவள் சமையலறையைக் கழுவிவிட்டு, குழந்தைக்குப் பால் காய்ச்ச வந்தாள். டாக்டர் மண்டியிட்டுத் தரையில் காதை வைத்திருந்தார். கீழே யாரோ நகத்தால் பிறாண்டுவதுபோல் விட்டு விட்டு ஒரு சத்தம். கண்ணைத் திறந்தார். தரை விரிசலில் தேங்கிய ஈரத்தில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது. பிறகு இன்னொன்று.

"நகருங்க, பிள்ளை அழுவுது" என்றபடி அவள் தீப்பெட்டியைத் திறந்தாள்.

அவர் இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, குச்சியோடு சேர்த்து அவள் விரல்களை இறுகப் பொத்திக்கொண்டார்.